வாய் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம்

நேத்து சாயங்காலம் எங்க அக்கா பொண்ணு, நாலு வயசு, ஒன்னு ரெண்டு மூணுன்னு ஆரம்பிச்சு நூறு வரைக்கும் கடகடன்னு சொல்லிட்டா, வீட்ல எல்லாரும் கைதட்டுனாங்க. அப்புறம் தரையில ஏழு புளியங்கொட்டைய வச்சு "தங்கம், இது எத்தனை?"ன்னு கேட்டேன், வாய் ஒரு பக்கம் ஓடுது விரல் ஒரு பக்கம் ஓடுது, ஒரே கொட்டைய ரெண்டு தடவ தொட்டுட்டு பத்துங்கிறா. நூறு ஒப்பிக்கிறது வேற, ஏழுன்னா என்னன்னு புரியிறது வேற.

2007ல கிரெக் டங்கன்ங்கிற ஆய்வாளரோட குழு, அமெரிக்கா, கனடா, பிரிட்டன்ல புள்ளைங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்த 6 ஆய்வுகளோட டேட்டாவ சேர்த்து அலசுனாங்க. ஸ்கூல் சேரும்போது இருக்கிற எண்ணறிவுதான் பின்னாடி படிப்போட ரொம்ப ஒட்டிப் போச்சு, அடுத்து வாசிப்பு, அப்புறம் கவனம். சேட்டை பண்றது, அடம்பிடிக்கிறது எல்லாம் பெருசா சம்பந்தப்படவே இல்ல. துறுதுறுன்னு இருக்கிற புள்ளையப் பார்த்து இவனுக்குப் படிப்பு ஏறாதுன்னு சொல்றவங்க மேல எனக்கு அவ்ளோ கோவம் வரும்ங்க.

இன்னைக்கு பாட்டியோட பல்லாங்குழிய பரண்ல இருந்து எடுத்துட்டேன். அக்கா பொண்ணு குழிக்கு ஒரு கொட்டையா மெதுவா போடுறா, போடும்போது வாயும் விரலும் சேர்ந்தே போகுது.