உட்கருவில் ஒளிந்திருக்கும் வைரஸ்

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டுபிடித்த விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மைக்கேல் ஹௌட்டன் குழுவினர், நோய் தொற்றிய சிம்பன்சியின் இரத்தத்திலிருந்து மரபணுத் துணுக்குகளைப் பிரித்து, அவற்றிலிருந்து உருவாக்கிய ஏறத்தாழ 10 லட்சம் குளோன்களில் (ஒவ்வொன்றும் ஒரு துணுக்கைச் சுமக்கும் நகல்) எதையாவது நோயாளியின் இரத்தத் தெளிநீரிலுள்ள எதிர்ப்பொருள் அடையாளம் காண்கிறதா என்று சலித்துப் பார்த்தார்கள். தேறியது ஒன்றே ஒன்று. முடிவு 1989-இல் வெளியானது, நோபல் பரிசு 2020-இல் வந்தது. இன்று அந்நோயை 8 முதல் 12 வார மாத்திரைகளே பெரும்பாலானோருக்கு முற்றிலும் குணப்படுத்திவிடுகின்றன.

ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. அதற்குத் தடுப்பூசி உண்டு (சி-க்கு இன்றுவரை இல்லை என்பது விந்தைதான்), ஆனால் நாள்பட்ட தொற்று எளிதில் விலகுவதில்லை. என் நண்பர் ஒருவர் தம் பரிசோதனை அறிக்கையில் 'வைரஸ் கண்டறியப்படவில்லை' என்ற வரியைக் காட்டி, இனி மாத்திரை எதற்கு என்று கேட்டார். அவர் எடுத்துக்கொள்ளும் டெனோஃபோவிர் என்ற அந்த மாத்திரை, வைரஸ் புதிய பிரதிகளை எடுப்பதைத் தடுக்கிறதே தவிர, கல்லீரல் செல்லின் உட்கருவில் வட்டமாக மூடிக்கொண்டு கிடக்கும் அதன் மூல டிஎன்ஏவைத் தொடுவதில்லை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் அது மீண்டும் விழித்துக்கொண்டு கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும். அந்த வட்ட டிஎன்ஏவை அழிப்பது அல்லது நிரந்தரமாக ஊமையாக்குவதுதான் இப்போது ஆய்வுக்கூடங்களின் முதன்மையான இலக்கு. நண்பர் மாத்திரையைத் தொடர்கிறார்.