மெர்சிடிஸ் 600: எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் சொகுசு

மெர்சிடிஸ் 600 கார் பழுதுபார்க்க வந்து நின்றதும் ஒருவர் நேராகப் பேனட்டைத் திறந்தால், அவர் இந்த வண்டிக்குப் புதியவர். பழகியவர்கள் முதலில் கதவைத் திறந்து, உள்பக்க அட்டையின் கீழ் விளிம்பையும் கார்ப்பெட்டையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் செலவு எங்கிருந்து தொடங்கும் என்று தெரிந்துவிடும்.

1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1981 வரை சிண்டெல்ஃபிங்கன் ஆலையில் பெரும்பாலும் கைவேலையாகவே உருவான கார் இது. மொத்தம் 2,677தான். அதில் 6.24 மீட்டர் நீளமுள்ள புல்மன் 428, பின்கூரை மடங்கும் லாண்டலே 59. திருத்தந்தை ஆறாம் பவுலுக்கு 1965இல் போனதும் ஒரு லாண்டலேதான்.

அன்றைய மின்மோட்டார்கள் கண்ணாடியை ஏற்றும்போது முனகும். அந்தச் சத்தமே பின்சீட்டில் கேட்கக்கூடாது என்பதற்காக கண்ணாடி, சீட், சன்ரூஃப், டிக்கி மூடி, கதவைக் கடைசியில் இழுத்து மூடும் வேலை வரை எல்லாவற்றையும் ஹைட்ராலிக்கில், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்படி கொடுத்தார்கள். எஞ்சின் ஓட்டும் ஒரு பம்ப், அழுத்தத்தைச் சேமித்து வைக்க நைட்ரஜன் அடைத்த அக்யுமுலேட்டர், ஏறத்தாழ 150 பார் அழுத்தம், வண்டி முழுக்க ஓடும் மெல்லிய குழாய்கள். கதவிலுள்ள ஸ்விட்சே ஒரு வால்வு. லேசாக அழுத்தினால் கண்ணாடி மெதுவாக நகரும், முழுதாக அழுத்தினால் பாயும். இடையில் விரல் சிக்கினால் அது நிற்காது. அருமையான யோசனைதான், ஆனால் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் புதிதாக இருக்கும்வரை.

பழுது பெரும்பாலும் ஓடிய வண்டியில் வருவதில்லை; ஷெட்டில் நின்ற வண்டியில்தான் வருகிறது. அசையாத சீல் காய்ந்து இறுகும். பிறகு ஒருநாள் ஸ்டார்ட் செய்ததும் முழு அழுத்தமும் அதன்மேல் விழ, எண்ணெய் கதவு அட்டையை ஊறவைத்துவிடும். வால்வைப் புதுப்பிப்பதைவிட அந்தத் தோலையும் கம்பளியையும் மாற்றும் செலவு அதிகமாகிவிடுவதும் உண்டு.

சோதனை எளிது. எஞ்சினைச் சற்று ஓடவிட்டு அணையுங்கள். பிறகு ஒரு கண்ணாடியை மட்டும் ஏற்றி இறக்குங்கள். அக்யுமுலேட்டர் நன்றாக இருந்தால் பலமுறை அசையும். ஒன்றிரண்டு தடவையிலேயே சோர்ந்தால் நைட்ரஜன் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். அணைத்த உடனே நன்றாக வேலை செய்து, ஒரு மணி நேரம் கழித்து உயிரில்லாமல் இருந்தால் எங்கோ கசிவு. வெளியே எண்ணெய் தெரியாவிட்டால் வால்வுக்குள்ளேயே கசிகிறது.

எந்த இணைப்பையும் கழற்றுவதற்கு முன் இதேபோல் கண்ணாடியை அசைத்து அசைத்தே அழுத்தத்தைத் தீர்த்துவிட வேண்டும். கசிவைக் கையால் தேடவே கூடாது, அட்டைத் துண்டால் தேடுங்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாகத் தெரிந்தாலும் அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். இன்னொன்று, அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றுபவர்கள் உண்டு. இது மினரல் ஆயிலுக்கான சிஸ்டம். பிரேக் ஆயில் பட்டால் அத்தனை சீலும் ஊதிப்போகும்.

வண்டியைக் காற்றழுத்தத்தில் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் தனிக் கதை, அதற்குத் தனி கம்ப்ரஸர். இரவில் நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை படுத்திருந்தால், முதலில் சோப்புத் தண்ணீரை இணைப்புகளிலும் ரப்பர் பெல்லோவின் (காற்றுப் பையின்) மடிப்புகளிலும் பூசிப் பாருங்கள். காற்றில்லாத பெல்லோவோடு வண்டியை நகர்த்தினால் மடிப்பு நசுங்கிக் கிழியும். காற்றை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

6.3 லிட்டர் வி8 எஞ்சின் இவ்வளவு தொல்லை தராது. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். கூலன்ட்டை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால் மட்டும் ஹெட் அரித்திருக்கும்.

ஒப்படைக்கும்போது உரிமையாளரிடம் ஒரு அட்டவணை கொடுத்துவிடுவது நல்லது: மாதம் இருமுறை எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி, நான்கு கண்ணாடி, சீட், சன்ரூஃப், டிக்கி எல்லாவற்றையும் ஒரு சுற்று அசைக்க வேண்டும். பின்சீட்டு ஸ்விட்சுகளைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அடுத்த கசிவும் அங்கேதான் வரும்.