மூங்கில் விடுதியும் மொட்டைத் தரையும்

தேனீக்களுக்கு ஏதாவது செய்வோம் என்று எங்கள் மாணவர் மன்றத்தில் பேச்சு வந்தபோது, எல்லாருக்கும் முதலில் தோன்றியது தேன் பெட்டிதான். விடுமுறை நாட்களில் அதை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவர் கேட்டதும் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். அப்புறம் உட்கார்ந்து படித்தோம். உலகில் இதுவரை அறியப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, தேனும் சேர்த்து வைப்பதில்லை. தனியாக ஒரு தாய், ஒரு பொந்து, சில முட்டைகள். சரி, இவர்களுக்கு வீடு கட்டுவோம் என்று இறங்கினோம்.

முதல் விடுதி படுதோல்வி. கைக்குக் கிடைத்த மூங்கில் துண்டுகளைக் கட்டாகக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டோம். படம் எடுக்க அழகாக இருந்தது. ஐந்து வாரத்தில் சிலந்தி வந்தது, எறும்பு வந்தது, மழைக்குப் பிறகு பூஞ்சையும் வந்தது. தேனீ மட்டும் வரவில்லை. காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும் வீட்டில், அதுவும் பின்பக்கம் சுவரே இல்லாத வீட்டில், யார்தான் குடியிருப்பார்கள்?

இரண்டாவது முறை பொறுமையாகச் செய்தோம். ஒரு முனை அடைத்தபடி இருக்கும்படி கணுவுக்குச் சற்றுப் பின்னால் அறுத்தோம். ஓட்டை 6 முதல் 10 மில்லிமீட்டர், நீளம் 15 சென்டிமீட்டர். உள்ளே நிற்கும் சிலாம்பு இறக்கையைக் கிழித்துவிடும் என்பதால் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தோம். இந்த நீளத்துக்கு ஒரு காரணம் உண்டு. தாய்த் தேனீ பெண்ணாகப் பிறக்கப்போகும் முட்டைகளைக் குழலின் உட்பக்கத்திலும், ஆண் முட்டைகளை வாசல் பக்கத்திலும் இடும். குழல் குட்டையாக இருந்தால் பிறப்பதில் பெரும்பாலும் ஆண்களே. இதைப் படித்த அன்றே விரல் நீளத்துக்கு அறுத்து வைத்திருந்ததையெல்லாம் தூக்கிப் போட்டோம். காலை வெயில் படும்படி கம்பத்தில் அசையாமல் பொருத்தி, மேலே தகரக் கூரை வைத்து, எறும்பு ஏறாமல் இருக்க கம்பத்தைச் சுற்றி கிரீஸ் தடவினோம்.

ஒன்பதாவது நாள் இலைவெட்டித் தேனீ ஒன்று வந்தது. பக்கத்து ரோஜாச் செடியின் இலையில் உட்கார்ந்து, கத்தரியால் வெட்டியது மாதிரி ஒரு துண்டை வளைத்து நறுக்கி, வயிற்றுக்கு அடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குழலுக்குள் நுழைந்தது. அடுத்த முறை வெளியே போய்த் திரும்பியபோது அதன் வயிற்றடி முழுக்க மஞ்சள் பூசியிருந்தது. இந்த இனம் மகரந்தத்தைக் காலில் மூட்டை கட்டாது, வயிற்று முடியில்தான் அப்பிக்கொண்டு வரும். மறுநாள் மாலை வாசலை வட்ட இலைத் துண்டுகளால் அடைத்துவிட்டுப் போய்விட்டது. அன்று மன்றத்தில் வேறு வேலை எதுவும் நடக்கவில்லை.

செடி விஷயத்தில் ஒரு தப்பு செய்தோம். இதழ் அடுக்கடுக்காக இருக்கும் சாமந்தியை வரிசையாக வைத்தோம். கண்ணுக்கு நிறைவாக இருந்ததே தவிர தேனீ அதைச் சீண்டவில்லை. அடுக்குப் பூக்களில் மகரந்தமும் தேனும் மிகக் குறைவு, அப்படியே இருந்தாலும் இதழ்களைத் தாண்டி எடுப்பது கஷ்டம். துளசியும் கத்தரியும் வைத்த பிறகுதான் நடமாட்டம் தொடங்கியது. கத்தரிப் பூவில் மகரந்தம் வெளிவர, மகரந்தப் பையின் நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். நீலப்பட்டைத் தேனீ பூவைக் கவ்விப் பிடித்து, இறக்கையை அடிக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிர வைத்து உலுக்கும். 'ஸ்ஸ்ர்' என்று மெல்லிய ரீங்காரம் கேட்கும், பொடி கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது.

அந்த நீலப்பட்டைக்காரி எங்கள் விடுதிப் பக்கம் தலைகாட்டவே இல்லை. குழல் அளவை மாற்றினோம், திசையை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் தோட்ட வேலை பார்க்கும் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, நீங்க அங்க வீடு கட்டிக்கிட்டு இருக்கீங்க. இங்க வந்து பாருங்க, தரையெல்லாம் ஓட்டை." மதிலோரம் புல் முளைக்காத மண்ணில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள். பத்து நிமிடம் குந்தியிருந்தோம், நீலப்பட்டை ஒன்று உள்ளே இறங்கியது. தேனீ இனங்களில் பாதிக்கு மேல் மண்ணுக்குள்தான் கூடு கட்டுகின்றன என்று படித்திருந்தோமே, அது எப்படி மறந்துபோனது! போதாக்குறைக்கு அதே தரையின் பாதியில் 'ஈரம் காக்க' என்று போன மாதம் நாங்களேதான் சருகு பரப்பி மூடியிருந்தோம்.

சருகை அள்ளிவிட்டோம். பூச்சிமருந்து அடிக்க வேண்டி வந்தால் அந்தப் பக்கம் வேண்டாம், மற்ற இடங்களிலும் இருட்டிய பிறகுதான் என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டோம், ஒத்துக்கொண்டார்.

இப்போது விடுதியில் 11 குழல்கள் அடைபட்டிருக்கின்றன. மதிலோரத் துளைகளை எண்ணப் போனவர்கள் பாதியில் திரும்பிவிட்டார்கள், மிதிக்காமல் கால் வைக்க இடம் இல்லையாம்.