மேலே முட்டாத சுவர்

ஜனவரி 9

அம்மாவைக் கிடத்திய இடத்தில் வைத்திருந்த விளக்கை எடுத்தாயிற்று. ஆனாலும் அந்த இடத்தில் யாரும் கால் வைப்பதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஓரிடத்தை விட்டு நடப்பதென்றால் சுவரை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். உரசிக்கொண்டு போகிறோம்.

ஜனவரி 11

அண்ணன் கொழும்பிலிருந்து பேசினான். புது வீட்டுச் சாவி இந்த மாதமாம். போன மாதமும் இதையேதான் சொன்னார்கள்.

ஜனவரி 12

இரவு அப்பா அழுதார். கம்பளியை வாயில் அடைத்துக்கொண்டாலும் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த வீடுகளில், எதை மறைக்க முடியும்? குறுக்குச் சுவர் கூரையைத் தொடுவதில்லை. மேலே இடைவெளி, அதற்கு மேல் தகரம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அத்தை, "அண்ணே, தேத்தண்ணி ஊற்றவா?" என்று கேட்டார். மணி இரண்டு இருக்கும். அப்பா அடங்கிவிட்டார்.

இந்தச் சுவரை நான் திட்டாத நாளில்லை. பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் அந்த வீட்டுச் சண்டை. உடுப்பு மாற்றும்போது அவர்களுடைய இருமல்கூடக் கூச வைக்கும். எங்கள் துக்கத்தை நினைத்து எவரும் அந்த இடைவெளியை விட்டிருக்க மாட்டார்கள். கல்லையும் சுண்ணாம்பையும் மிச்சம் பிடித்திருப்பார்கள். அந்த மிச்சத்தின் வழியாகத்தான் நேற்று அத்தையின் குரல் வந்தது. எனக்கு இது பிடிக்கவில்லை.

ஜனவரி 14

எங்களுக்குப் பொங்கல் இல்லை. பக்கத்து வீடுகளிலிருந்து வந்ததை அப்பா தொடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது.

ஜனவரி 18

புது வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு ஹால், பின்னால் குசினி. குறை சொன்னால் நாக்கு அழுகும். எல்லாச் சுவரும் கூரைவரை போகின்றன. அப்பா ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய், கட்டில் வரப்போகும் இடத்தில் குந்தினார்.

"இங்கேயிருந்து அடுப்புத் தெரியாதே" என்றார்.

தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன்பு, நாலு மணிக்கே அம்மா அடுப்பு மூட்டுவார். வெளிச்சம் நேரே அப்பாவின் முகத்தில் அடிக்கும். அன்றைய முதல் சண்டை அதைப்பற்றித்தான்.

ஜனவரி 19

கண்டி வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்துக்கு, 1950களில், கட்டிடக்கலைஞர் மினெட் டி சில்வா வரைபடம் போடும் முன் குடிவரப்போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். என்ன வேண்டும், எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டார். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நானே கேள்விகளை எழுதிப் பார்த்தேன். சாவு வீட்டில் உடலை எங்கே கிடத்துவீர்கள்? அழுகிறவர் எங்கே உட்காருவார்?

கிழித்துப் போட்டேன்.

ஜனவரி 20

புது வீட்டு முன்கதவில் சவப்பெட்டி நேராகவே நுழையும். அளந்துவிட்டேன். இங்கே சரித்துத்தான் எடுத்தார்கள். அதை இன்று எழுத மாட்டேன்.

ஜனவரி 23

பெர்லின் யூத அருங்காட்சியகப் படங்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். டானியல் லிபெஸ்கின்ட் வடிவமைத்தது, 2001இல் திறக்கப்பட்டது. அதில் யூத இனப்படுகொலையின் நினைவாக ஒரு கோபுரம். 24 மீட்டர் உயரத்துக்கு வெறும் கொங்கிரீட், சூடேற்றுவதில்லை. உயரே ஒரு பிளவு வழியாக மட்டும் வெளிச்சம். கனத்த கதவு பின்னால் மூடிக்கொள்ளும். படிக்கும் காலத்தில் இதைப் பார்த்து வாயடைத்துப் போனேன். அத்தனை பெரிய அழிவுக்கு அப்படி ஒரு வெறுமை வேண்டும்தான். ஆனால் நாலு மணிக்கு விழித்துக்கொள்கிற ஒரு கிழவருக்கு வெறுமையை யாரும் கட்டித்தர வேண்டியதில்லை. அது தானாகவே வந்துவிட்டது.

ஜனவரி 26

அப்பா தூங்கும்போது நாடாவை வைத்துக் கண்மட்டத்தை அளந்தேன். தரையிலிருந்து இருபத்திரண்டு அங்குலம். அறைக்கும் குசினிக்கும் நடுச்சுவரில் அந்த மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு திறப்பு. இரண்டடி அகலம், மேலே சுவரைத் தாங்க லின்டல். பென்சிலில் வரைந்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 27

புகை அறைக்குள் வரும் என்கிறான் அண்ணன். சுவர் பலமிழக்குமாம். காஸ் அடுப்பு வாங்கித் தருவானாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நாலு மணிக்கு அதை யார் மூட்டப்போகிறார்கள் என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 28

லீவு முடிகிறது.

பெப்ரவரி 1

அத்தைக்கு மேல் வரிசையில் வீடு. எங்களுக்குக் கீழ் வரிசை. நடுவில் படிக்கட்டும் ஒரு மண் மேடும். இங்கிருந்து இருமினால் அங்கே கேட்காது.

பெப்ரவரி 3

சாவி கிடைத்தது. மேசன் நாளை வருகிறார். வரைபடத்தைக் காட்டினேன். அப்பா வெகுநேரம் பார்த்தார். திறப்பு இந்தச் சுவரில் வேண்டாமாம், மேல் வரிசையைப் பார்த்த சுவரில் போடச் சொல்கிறார். மழை அடிக்கிற பக்கம் அது. கட்டிலெல்லாம் நனையும் என்றேன். நனையட்டும் என்கிறார். லின்டலோடு ஒரு தடுப்பை நீட்டினால் தப்பலாம், எத்தனை அங்குலம் என்றுதான் தீரவில்லை.