ஆறாம் வகுப்பில் எடுத்த முடிவு: ஒரு பிளஸ் டூ நாட்குறிப்பு

2024 ஜூன் 10

கோடை விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. கல்லூரியில் என்ன படிக்கப் போகிறோம் என்று ஒவ்வொருவரையும் எழுந்து சொல்லச் சொன்னார் வகுப்பாசிரியை. நான் சிவில் இன்ஜினீயரிங் என்றதும் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றிருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்க்கரையில் வளர்ந்தவளுக்கு, இந்த மடையையும் கலுங்கையும் எந்தக் கணக்கில் கட்டினார்கள் என்ற கேள்வி வருவதில் வியப்பு என்ன இருக்கிறது? காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1952இல் தொடங்கி, இன்று அரசுக் கல்லூரியாக இருக்கும் பொறியியல் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே பேருந்தில் போய் வரலாம். விடுதிச் செலவு இல்லை என்பதால் அப்பாவும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

2024 ஜூன் 29

கட்-ஆப் கணக்கை இன்றுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். பொதுத் தேர்வில் ஆறு பாடங்களுக்கு 600 மதிப்பெண் என்றாலும், பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதத்தின் 100, பாதியாகக் குறைக்கப்பட்ட இயற்பியல் 50, அதேபோல் வேதியியல் 50 என 200 மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. நுழைவுத் தேர்வு 2007இலேயே நீங்கிவிட்டதால் தரவரிசைக்கு வேறு தேர்வு கிடையாது. கணிதத்தில் விடும் ஒரு மதிப்பெண் முழுதாகப் போகும், இயற்பியலில் விடுவது அரையாகப் போகும். எனக்கு மிகவும் பிடித்த தமிழில் தேர்ச்சி பெற்றால் போதும். அதில் எவ்வளவு வாங்கினாலும் கட்-ஆப் அசையாது.

2024 ஆகஸ்ட் 11

இரண்டு நாள்களாக எழுத மனம் வரவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை நம்பித்தான் நான் எல்லாக் கணக்கும் போட்டிருந்தேன். 2020இல் மருத்துவத்துக்கு வந்த அந்த ஒதுக்கீடு 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வெள்ளிக்கிழமை பட்டியல் எடுத்த டீச்சர், நான் ஆறு முதல் எட்டு வரை எங்கே படித்தேன் என்று கேட்டார். எங்கள் தெருமுனையில் உள்ள அரசு உதவிபெறும் பள்ளியில் என்றேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை முழுக்க முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது என்று சொல்லி, என் பெயரின் மேல் மெதுவாக ஒரு கோடு போட்டார்.

அந்தப் பள்ளியை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அரசுப் பள்ளிக்குப் பேருந்து ஏற வேண்டும், இதற்கு எட்டு நிமிடம் நடந்தால் போதும், அவ்வளவுதான் காரணம். அங்கும் கட்டணம் இல்லை, அங்கும் தமிழ்வழிதான், எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான். விதி எழுதியவர்களுக்கு அந்த எட்டு நிமிடம் தெரிந்திருக்க நியாயமில்லை. இரவு அம்மாவிடம் சொன்னபோது, அம்மா ஒன்றும் பேசாமல் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

2024 அக்டோபர் 21

இனிப் பொதுப் பிரிவுக் கலந்தாய்வுதான் என்று ஆனபின், முதல் பட்டதாரிச் சான்றிதழை விட்டுவிடக் கூடாது. காரைக்குடி கிடைக்காமல் தனியார் கல்லூரிக்குப் போக நேர்ந்தால், அதன் கட்டணச் சலுகைதான் கைகொடுக்கும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என யாருமே பட்டம் பெறவில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதை நிரப்புவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் ஐ.டி.ஐ. முடித்தவர், அது பட்டம் ஆகாது என்று எழுதியபோது அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

2024 நவம்பர் 14

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஆதாரில் அப்பாவின் பெயர் ஒரு விதமாகவும் என் பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருக்கிறது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். அப்பா சரக்கு வண்டி ஓட்டத்தை இரண்டு நாள் விட்டுவிட்டு ஆதாரைத் திருத்தப் போனார். இதை இப்போதே செய்தது நல்லதாயிற்று. மே மாதத்தில் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று எல்லா மேசையிலும் இதே போன்ற விண்ணப்பங்கள் குவிந்து கிடக்குமாம்.

2024 டிசம்பர் 31

நேற்று தூத்துக்குடியில் புதுமைப் பெண் திட்டத்தை அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவுபடுத்தித் தொடங்கி வைத்திருக்கிறார்கள். உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1000 ரூபாய். இரண்டு பள்ளிகளிலிருந்தும் படிப்புச் சான்று வாங்கி வைத்துக்கொள் என்றார் டீச்சர். அம்மா செய்தித்தாளை மடித்து அரிசி டின் மேல் வைத்திருக்கிறார்.

2025 ஜனவரி 8

அரையாண்டுத் தேர்வில் கணிதம் 84, இயற்பியல் 78, வேதியியல் 86. ஆக 84, 39, 43 சேர்த்து 166. மூன்று பாடங்களையும் சமமாகப் படித்தது தவறு என்று இப்போது தெரிகிறது. கணிதத்தில் ஆறு கூடினால் கட்-ஆப் ஆறு கூடும். இயற்பியலில் அதே உழைப்புக்கு மூன்றுதான். கட்-ஆப் சமமாக இருந்தாலும் முதலில் கணித மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். எனவே விடியற்காலை கணிதத்துக்கு, இரவு மற்ற இரண்டுக்கும்.

2025 மார்ச் 3

தமிழ்த் தேர்வு. கணக்கில் வராத பாடத்துக்குக் கூடுதல் தாள் வாங்கி எழுதிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

2025 ஏப்ரல் 6

தேர்வுகள் முடிந்துவிட்டன. படிப்புச் சான்றுக்காகப் பழைய பள்ளிக்குப் போய் வந்ததைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, தன் மகளையும் ஜூனில் அங்கேதான் ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போவதாகச் சொன்னார். உட்காரவைத்து 7.5 சதவீதக் கதை முழுவதையும் சொன்னேன். ஆறாம் வகுப்புக்கே அரசுப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள், பிறகு மாற்றினால் பயனில்லை என்றேன். பொறுமையாகக் கேட்ட அக்கா, திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ சொல்றது சரிதான்டி. ஆனா இவ எப்படித் தனியா பஸ் ஏறுவா?"