சிவப்பி எங்கள் வளவுக்கு வந்து 11 வாரங்கள்

செப்டெம்பர் கடைசியில், மட்டக்களப்பு நாவலடிக் கடற்கரையில் தோணிகள் ஏற்றி வைத்திருக்கும் இடத்தருகே பின்னங்காலை நொண்டியபடி மீன்கழிவுக்காக அலைந்த ஒரு செவலைப் பெட்டை நாயை, கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் கொண்டுவந்தேன். உடல் தேறி, மனிதரை நம்பத் தொடங்கியதும் நல்ல குடும்பம் ஒன்றிடம் அதனை ஒப்படைக்க வேண்டும் என்பதே என் எண்ணம். சிவப்பி என்று பெயர் வைத்தோம். வரும் வழியிலேயே மிருக வைத்தியர் விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, காதுமடலுக்குள் திரண்டிருந்த உண்ணிகளை அகற்றி, பூச்சிமருந்து கொடுத்தார். அதனை இரண்டு வாரத்தில் மீண்டும் கொடுக்கச் சொன்னார். கால் முறிந்திருக்கவில்லை.

முதல் மூன்று நாட்களும் அது தண்ணீர்த் தாங்கியின் அடியிலிருந்து வெளியே வரவில்லை. நாங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகே சாப்பிட்டது. பட்டினி கிடந்த வயிறு என்பதால், குழைய வேகவைத்த சோற்றில் முள் நீக்கிய அவித்த சூடை மீனைப் பிசைந்து, நாளுக்கு நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். மிஞ்சிய குழம்பை ஊற்றுவதுதான் ஊர் வழக்கம். ஆனால் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் அதனை அடியோடு தவிர்த்தேன்.

இரண்டாவது வாரத்தில் பெரிய தவறு ஒன்று செய்தேன். உதட்டை நக்கிக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும் அது படுத்திருந்ததைக் கண்டு, பயம் தணிந்துவிட்டதென நம்பித் தாங்கியின் அடியில் கையை நீட்டினேன். அவை இரண்டும் நாய் கலங்கியிருப்பதன் அடையாளங்களாகவும் இருக்கலாம் என்பதை, பல் பட்டு விரல் கிழிந்த பிறகே அறிந்தேன். காயத்தை ஓடும் நீரில் 15 நிமிடங்கள் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டு, உடனே வைத்தியசாலைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் இதில் அசட்டை கூடாது. அன்றிரவு அம்மா, “அதுவா வரட்டும் புள்ள, நீ போகாத” என்றார்.

அதன்பின் மாலைதோறும் விறாந்தைப் படியில், அதன் பக்கம் முகத்தைத் திருப்பாமல், பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தியபடி ஒரு மணிநேரம் அமர்ந்திருப்பதை மட்டுமே செய்தேன். எத்தனை அடி தூரத்தில் அது படுக்கிறது என்பதைக் குறித்து வைத்தேன்: முதல் நாள் 12 அடி, பத்து நாட்களில் 7 அடி. பிறகு தீபாவளி வந்தது. மின்விசிறியைச் சுழலவிட்டு உள்ளறையில் சாக்கு விரித்துத் தயாராக வைத்திருந்தும், முதல் வெடிச் சத்தத்திலேயே அது தாங்கியின் அடிக்குள் ஓடிவிட்டது. மறுநாள் குறிப்பில் மீண்டும் 12 அடி என்றே எழுத நேர்ந்தபோது, மனம் மிகவும் சோர்ந்துபோனது.

முன்னேற்றத்தைக் கொண்டுவந்தது மாரி மழை. நவம்பரில் வளவு முழுவதும் வெள்ளம் நின்ற ஓர் இரவு, தாங்கியின் அடியும் நிறைந்துவிட, கதவருகே உடலை உதறும் சத்தம் கேட்டது. விளக்கைப் போடாமலும் பெயர் சொல்லி அழைக்காமலும், உலர்ந்த சாக்கு ஒன்றை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு வந்தேன். விடிந்தபோது சிவப்பி அதன்மேல் படுத்திருந்தது. மூன்று நாள் கழித்து, படியில் இருந்த என் முழங்காலில் தானாகவே முகத்தை வைத்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் அப்படியே இருந்தேன்.

ஒன்பதாவது வாரத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. தையல் ஆறியபின், 1924இல் கட்டப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தில், பெரிய வாகனங்களின் தொல்லை இல்லாததால், அதிகாலையில் பட்டியுடன் நடக்கப் பழக்குகிறேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இன்னும் என் காலுக்குள் ஒதுங்குகிறது. அப்போது இழுக்காமல் நின்றுவிடுவேன்.

ஏறாவூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பத்தினர் கேட்டிருக்கிறார்கள். உடனே கொண்டுபோக வேண்டாம், சில மாலைகள் வந்து விறாந்தையில் சும்மா இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இருமுறை வந்தார்கள். நேற்று அவர்கள் விட்டுச் சென்ற பழைய சாரத்தைச் சாக்கின்மேல் விரித்தேன். சிவப்பி அதனை நெடுநேரம் மோந்து, முன்னங்காலால் கிளறி, பின் அதன் ஓரத்திலேயே சுருண்டு படுத்தது.