மூத்தவளுக்குக் காய்ச்சல், இளையவனுக்கு 12 நாள்

மகன் பிறந்த 12ஆம் நாள், எல்.கே.ஜி. படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து மூக்கொழுக, உடம்பு கொதிக்க வந்து நின்றாள். முந்தின நாள் மாலைதான் அவள் தம்பியின் கன்னத்தில் முத்தமிட்டுக் கொஞ்சியிருந்தாள். சளி வெளியே தெரிவதற்கு முன்பே கிருமி பரவத் தொடங்கிவிடும் என்பதால், அவனுக்கு எதுவுமே வராமல் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையை அன்றே விட்டுவிட்டேன். இனி அவன்மேல் படும் கிருமியைக் குறைப்பதும், வந்துவிட்டால் உடனே கண்டுகொள்வதும்தான் எங்களால் ஆகக்கூடியவை.

அன்று மாலை குழந்தை மருத்துவர் மகளைப் பார்த்துவிட்டு, வைரஸ் காய்ச்சல்தான், பயப்பட வேண்டாம் என்றார். தம்பிக்கு 12 நாள் என்றதும் அவர் குரல் மாறியது. நமக்கு வெறும் ஜலதோஷமாக வந்துபோகும் ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ், பச்சிளங்குழந்தையின் நுரையீரலில் உள்ள மெல்லிய காற்றுக்குழாய்களை வீங்க வைத்து, மூச்சுத்திணறல் வரை கொண்டுபோய்விடக்கூடும் என்று அவர் விளக்கினார்.

“மூத்தவளை நாலு நாளைக்கு அவள் அப்பத்தா வீட்டுக்கு அனுப்பிவிடலாமே” என்றார் அம்மா. எனக்கு மனம் ஒப்பவில்லை. தம்பி வந்ததும் அம்மாவின் மடியை இழந்த பிள்ளையை, காய்ச்சலோடு வீட்டைவிட்டும் அனுப்பினால், அவள் அந்தத் தம்பியை எப்படிப் பார்ப்பாள்? அம்மா வீட்டில் இரண்டு அறைகள் உண்டு. முன்னறையில் மகளோடு என் கணவர் படுத்துக்கொண்டார். உள்ளறையில் நானும் குழந்தையும் இருந்தோம். இரண்டு அறைகளிலும் பகலெல்லாம் சன்னல்கள் திறந்தே இருந்தன. மகளின் டம்ளர், துண்டு, தலையணை எல்லாம் தனியாயின. மூக்கைத் துடைக்கும் கை குழந்தையைத் தொடக் கூடாது என்பதுதான் நாங்கள் வகுத்துக்கொண்ட முதல் விதி.

அந்த விதியை மீற வேண்டிய நிலையில் இருந்தவள் நான்தான். நள்ளிரவில் “அம்மா வேணும்” என்று அவள் அழும்போது போகாமல் இருக்க முடியவில்லை. போய் மடியில் கிடத்தித் தட்டிக்கொடுத்து, அவள் உறங்கியதும் முழங்கை வரை சோப்புப் போட்டு நிதானமாக 20 விநாடி கழுவி, நைட்டியை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கினேன். ஒரே இரவில் மூன்று முறைகூட மாற்றியதுண்டு. இருமல் காற்றில் வருவதை மட்டுமே நாம் அஞ்சுகிறோம், ஆனால் ஆர்.எஸ்.வி. போன்ற கிருமிகள் கதவுக் கைப்பிடியிலும் டி.வி. ரிமோட்டிலும் பல மணி நேரம் உயிரோடிருந்து, நம் கை வழியாகவே குழந்தையின் கண்ணுக்கும் மூக்குக்கும் போய்ச் சேருகின்றன.

மூன்றாம் நாள் எனக்கே தொண்டை கரகரத்தது. தாய்ப்பாலை நிறுத்திவிடு என்று பார்க்க வந்த உறவினர் ஒருவர் சொன்னார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். என்னைத் தாக்கும் கிருமிக்கு எதிராக என் உடல் உண்டாக்கும் எதிர்ப்பாற்றல் பாலின் வழியாகக் குழந்தைக்கும் போகிறது. முகக்கவசம் அணிந்துகொண்டு பாலூட்டினேன். குழந்தைக்கு மட்டும் முகக்கவசம் போடவே கூடாது, மூச்சு முட்டிவிடும்.

அம்மாவோடு ஒரு மனத்தாங்கலும் வந்தது. குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும் சாம்பிராணிப் புகை போடுவதும் அவருக்கு வழிவழியாக வந்த பழக்கம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம், ஊதும் மூச்சில் கிருமி போகும், புகை காற்றுக்குழாயை உறுத்தும் என்று நான் சொன்னபோது, “இந்தக் கை எத்தனை பிள்ளையைக் குளிப்பாட்டிய கை தெரியுமா?” என்று கலங்கிவிட்டார். குளிப்பாட்டும் பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டு, அந்த மூன்றை மட்டும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன்.

எங்கள் மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: பிறந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் உடல்வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நடு இரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். வீட்டில் பாராசிட்டமால் சொட்டு கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. உடம்பு சில்லிட்டுப்போவதும், பால் குடிக்க மறுப்பதும், எழுப்பினாலும் துவண்டு கிடப்பதும் அதே அளவுக்கு ஆபத்தானவை. தூங்கும்போது மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்தார். பச்சிளங்குழந்தையின் மூச்சு விட்டுவிட்டு வருவதால் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்காமல், முழு நிமிடமும் எண்ண வேண்டும். மீண்டும் எண்ணிப் பார்த்தும் 60க்குக் குறையாவிட்டாலோ, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ கிளம்பிவிட வேண்டும்.

ஆறாம் நாள் அவனுக்கு மூக்கடைத்தது. பெரும்பாலும் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் வயது என்பதால், இரண்டு வாய் குடிப்பதற்குள் திணறி மார்பை விட்டுவிடுவான். பாலூட்டுவதற்கு முன் மருத்துவர் சொன்ன உப்புநீர்ச் சொட்டை மூக்கில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்தோம். மூச்சு 50ஐ ஒட்டியே நின்றது, காய்ச்சல் இல்லை. நான்கு நாளில் மூக்கு விட்டது.

அதுவரை மகள் உள்ளறை வாசற்படியில் உட்கார்ந்து “தம்பிப் பாப்பா” என்று கூப்பிட்டுப் பாட்டுப் பாடுவாள். இருமல் அடங்கிய பிறகு, கை கழுவிவிட்டுக் காலை மட்டும் தொடச் சொன்னோம். குழந்தை தன் கையை வாயில் வைக்கும், பாதத்தை வைக்காது.

அவள் இருமல் நீண்டபோது கக்குவான் நினைவு வந்து தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். பச்சிளங்குழந்தைக்குக் கக்குவான் வந்தால் இருமலே இல்லாமல் மூச்சு நின்றுபோகலாம். அதற்கான முதல் ஊசியோ ஆறாம் வாரத்தில்தான். ஒன்றரை வயதில் போட வேண்டியதை மகளுக்குப் போட்டிருந்தோம். அடுத்தது ஐந்து வயதில். தம்பியின் ஆறாம் வார ஊசித் தேதிக்குக் கீழேயே அதையும் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.